கண்ணை மறைத்த படம்

“உனக்கும் இருக்கா?” என்று கணக்கு டீச்சர் ஒருமுறை வீணாவைக் கேட்டாள். கோலார் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில், மதியச் சாப்பாட்டு வரிசையில், நாற்பது பிள்ளைகள் காதுபடக் கேட்டாள். மாதம் ஒருமுறை பெங்களூரிலிருந்து டிரஸ்ட் வேன் வரும். எய்ட்ஸில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளி வாசலில் உரக்கப் படித்து, பருப்பும் சத்துமாவும் கொடுத்துவிட்டுப் போகும். யார் யார் பெயர் வரும் என்பது ஊருக்கே மனப்பாடம். வீணா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவள்தான், மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை.

இப்போது பதினாறு வயது. லிங்கராஜபுரத்தில் சித்தி சந்திரம்மாவின் ஒற்றை அறையில் இருக்கிறாள். பிறக்கும்போதே உடம்பில் வந்து சேர்ந்த கிருமிக்குத் தினமும் மாத்திரை. சேர்த்துக்கொண்ட அன்றே சித்தி கறாராகச் சொல்லிவிட்டாள்.

“உங்கம்மா மஞ்சக்காமாலைல போனா. யாரு கேட்டாலும் அதான். உன்னால என் வேலைக்கு ஒண்ணு வந்துச்சு, அன்னிக்கே நீ வெளிய. அக்கா பொண்ணுன்னெல்லாம் பாக்க மாட்டேன்.”

வேலை என்பது வைட்ஃபீல்டில் ஸ்ரீவித்யா மேடம் வீட்டுச் சமையல். ஒன்பது வருஷமாகச் செய்கிறாள். காய் நறுக்க வீணாவும் கூடப் போவாள்.

அன்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேடம் ஒரு காலண்டரோடு சமையலறைக்குள் வந்தாள். நன்கொடை கொடுத்தவர்களுக்கு டிரஸ்ட்காரர்கள் கிளப் ஹவுஸில் வைத்துக் கொடுத்தது. மாதத்துக்கு ஒரு பிள்ளையின் படம். ஆள் தெரியக்கூடாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணின்மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். வேறு எதையும் மறைக்கவில்லை.

“சந்திரம்மா, இந்தப் பாவாடையப் பாரு,” என்றாள் மேடம்.

வீணா எட்டிப் பார்த்தாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம். பெங்களூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், நல்லதாக உடுத்திக்கொண்டு வா என்று வேன்காரர் சொன்னதால், சித்தி ஊருக்கு அனுப்பியிருந்த கத்திரிப்பூ நிறப் பட்டுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு போய் நின்றிருந்தாள்.

“என் மைசூர் சில்க்கக் கிழிச்சு என் பொண்ணு ரக்ஷாவுக்கு நானே தெச்சது. இஸ்திரி பட்டுத் தீஞ்ச எடத்துல தாமரை போட்டேன். இதே தாமரை. உங்கிட்டதானே குடுத்தேன்?”

சித்தி அடுப்பைச் சிறிதாக்கினாள். “ஊர்ல ஒருத்திக்குக் குடுத்தேன் மேடம். அவ யாருக்குக் குடுத்தாளோ.”

“சுள்ளு சொல்லாதே.”

“பொய் இல்ல மேடம்.”

மேடம் படத்தையும் வீணாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “வாயும் தாடையும் இவளை மாதிரியே இருக்கே.”

“எங்க ஊர்ப் பக்கம் எல்லாம் ஒரே ஜாடைதான்,” என்று சித்தி சிரித்தாள். மேடம் முகம் சற்றுத் தளர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். சித்தி விடவில்லை. “அந்த மாதிரிப் புள்ளைங்கள நாங்க வாசல்ல கூட விட மாட்டோம் மேடம். அதுங்க தொட்ட தண்ணிய நாங்க தொடுவமா? பெத்தவங்க பண்ண பாவம், அனுபவிக்குதுங்க.”

வீணாவின் கத்தி நின்றது. அம்மா கடைசி மாதம் தண்ணீர் கேட்டபோதெல்லாம், ஊருக்கு வந்திருந்தும் வாசலில் நின்றே சொம்பைத் தள்ளிவிட்டவள் இந்தச் சித்திதான்.

“அது நான்தான் மேடம்,” என்றாள்.

மேடம் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். பார்வை பீன்ஸ் தட்டுக்குப் போயிற்று.

“எத்தனை நாளா என் கிச்சன்ல கை வெக்கறே?”

“ஒரு வருஷம். காய் நறுக்கினா யாருக்கும் வராது மேடம். நீங்க பணம் குடுக்கற டிரஸ்ட்லதான் சொல்லிக் குடுத்தாங்க.”

“எனக்கே கிளாஸ் எடுக்கறியா? பணம் குடுக்கறது வேற, என் வீடு வேற.” மேடம் சித்தி பக்கம் திரும்பினாள். “வருஷம் பூரா ஏமாத்தியிருக்கே. ரெண்டு பேரும் கிளம்புங்கோ. அந்தத் தட்ட அப்படியே குப்பைல போட்டுட்டுப் போ.”

சித்தி கும்பிட்டாள். இவளை இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னாள், காலில் விழவும் குனிந்தாள். மேடம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் ஸ்டாப் வரை சித்தி ஐந்தடி முன்னாலேயே நடந்தாள்.

“சித்தி, வேற வீடு பாக்கலாம். நானும் எங்கயாவது வேலைக்குப் போறேன்.”

சித்தி நடையை எட்டிப் போட்டாள்.

“பொய் சொல்லியிருக்கணுமா? எங்கம்மாவ அப்படிச் சொல்றீங்க, நான் கேட்டுட்டு நிக்கணுமா?”

பஸ் வந்தது. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு சித்தி ஏறினாள். வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. வீணா படியில் கால் வைக்கப் போனபோது, சித்தி வாசல் கம்பியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ரோட்டின் மறுபக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். பஸ் நகர்ந்தது. சித்தி போய்விட்டாள்.