மூன்றாம் இயந்திரத்தின் மேல் பழி

சலவைக்கூடத்தில் மூன்றாம் இஸ்திரி இயந்திரம் கடிக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதில் வேலை பார்த்தவள் கூடத்து மெக்கானிக்கின் மனைவியின் தங்கை; வீட்டில் அவள் சின்னவள். அவள் முன்கையில் ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"அதுல ஏதோ இருக்குப்பா. ஆள் கேக்குது," என்றாள் மேஸ்திரியம்மா மெக்கானிக்கிடம். "உன் மச்சினிதானே? வேற எடத்துக்கு மாத்து."

மெக்கானிக்குக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. முதலில் மூடியின் ரப்பரை மாற்றினான். பிறகு சூடு காட்டும் முள்ளைச் சரிபார்த்தான். ஓரங்களை அரம் போட்டு மழுக்கினான். காயங்கள் நிற்கவில்லை. கடைசியில் மின் இணைப்பையே பிடுங்கிவிட்டு, அவளைத் துணி மடிக்கும் மேசைக்கு அனுப்பினான்.

அந்த வாரக் கடைசியில், வீட்டில் சாப்பிடும்போது, சின்னவள் தண்ணீருக்குக் கை நீட்டினாள். சட்டைக் கை மேலேறியது. புதுக் காயம்.

இயந்திரமோ வாரம் முழுக்கக் குளிர்ந்து கிடந்தது.

அவன் மனைவியும் பார்த்துவிட்டாள். "என்னடி இது? சாகணும்னு நெனச்சியா?"

"இல்லக்கா. அதுக்கு இல்ல." சின்னவள் கையை மடிக்குள் ஒளித்தாள். "உள்ள ஒரு இரைச்சல். இப்படிப் பண்ணினா நின்னுடும்னு தோணும். நிக்காது. இன்னும் பெருசா வரும்."

"அப்ப எல்லாரும் பாக்கணும்னு பண்ணினியா?" என்றாள் அக்கா.

"பாக்கக் கூடாதுன்னுதானே மெஷின் மேல பழி போட்டேன்."

யாரும் மேற்கொண்டு சாப்பிடவில்லை.

மறுநாள் மூவரும் போய்ப் பார்த்த டாக்டரம்மா அதைச் சுயதீங்கு என்றார். "இது நாடகம் இல்ல. சாகற முயற்சின்னும் உடனே முடிவு கட்டாதீங்க. தாங்க முடியாத வேதனையச் சமாளிக்க ஒருத்தர் தன்னையே காயப்படுத்திக்கிறது. அதுக்காகச் சும்மா விட்டுடவும் கூடாது, ஆபத்து உண்டு." பிறகு மெக்கானிக்கிடம் திரும்பினார். "நீங்க மெஷினச் சோதிக்கிற மாதிரி தெனம் அவங்க கையச் சோதிக்காதீங்க. எப்படி இருக்கன்னு கேளுங்க. காயம் வர்றதுக்கு முன்னாடி அவங்க வாயத் தொறக்கணும். அதுதான் வேணும்."

மூன்றாம் இயந்திரத்துக்கு மறுபடி உயிர் வந்தது. புதிதாக வந்தவள் அதில் நின்றாள், கடிபடாமல். "பேய் ஓடிடுச்சு போல," என்று மேஸ்திரியம்மா சிரித்தாள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அது எங்கே போனது என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் சின்னவளின் அறைக்கதவு சாத்தியிருந்தால், இயந்திரம் ஆவி விடும் சத்தம் உள்ளேயிருந்து வருவது போல் அவனுக்குக் கேட்டது.

ஒரு நாள் மதியம் மடிக்கும் மேசைப் பக்கம் போனான். கண் தானாக அவள் சட்டைக் கைக்குப் போனது. பார்வையை இழுத்து அவள் முகத்தில் வைத்தான்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லாத்தான்…" பாதியில் நிறுத்தினாள். மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "இல்ல மாமா. காலையிலேருந்து இரைச்சலா இருக்கு. இன்னும் ஒண்ணும் பண்ணிக்கல."

அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"வா. அக்காவுக்குப் போன் போட்டுட்டு டாக்டரம்மாகிட்ட போவோம்."

அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் இயந்திரம் ஆவியை நீளமாய் ஒரு மூச்சாக விட்டது. சின்னவள் திடுக்கிட்டாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.