இடது கைக்கு ஒரு கேமரா

இரும்பு அலமாரிகளுக்குத் தகடு வளைக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர் அவர். அங்கே எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். தகட்டைக் கண்ணால் பார்த்தே கனம் சொல்லிவிடுவார். கருவி வைத்து அளந்தால் மயிரிழை பிசகாது. வீட்டிலும் அந்தப் புத்தி போகவில்லை. சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

போன மழைக்காலத்தில், பட்டப்பகலில், தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் இயந்திரம் இறங்கி அவருடைய வலது கையில் நான்கு விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அந்த பிரஸ்ஸுக்கு முன்னால் ஒரு வலைக் கதவு உண்டு. அது மூடினால்தான் இயந்திரம் இறங்கும். கதவை மூடித் திறப்பதில் தகட்டுக்கு நான்கு விநாடி வீணாகிறது என்று, அதன் சுவிட்சைச் செப்புக் கம்பியால் இழுத்துக் கட்டி, கதவு திறந்தபடியே இயந்திரம் ஓடும்படி செய்திருந்தார்கள். கட்டியவன் ஷிப்ட் மேற்பார்வையாளன். அளவுக்காரருக்கு மைத்துனன், மனைவியின் ஒரே தம்பி.

விசாரணை வந்தபோது, கம்பியைத் தொழிலாளியே கட்டிக்கொண்டார் என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. அளவுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து, அலமாரியில் தன் கம்பளிச் சட்டைக்கு அடியில் வைத்துவிட்டார். அம்மா செத்தபோது தம்பிக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அவள்தான் அவனைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, பெண் பார்த்துக் கட்டி வைத்தவள். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

தவறு தொழிலாளியுடையதுதான் என்று விசாரணை முடிந்தது; வேலை போயிற்று. வீட்டுக்கு வந்தவர்கள் வார்த்தையை எண்ணி எண்ணிப் பேசினார்கள். "ஒரு கை பாத்துடலாம்" என்று ஆரம்பித்த பக்கத்து வீட்டுக்காரர் பாதியில் விழுங்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். கை இல்லாமல் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாது என்பது அளவுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்காக ஒரு தடவை தனியாகச் சிரித்தும் கொண்டார்.

பகல் நீண்டது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுக்க ஆரம்பித்தார். மதில் மேல் ஊரும் எறும்பு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் துருப் பிடித்த மூடி, எதிர் வீட்டுப் பூனை. கிட்டத்தில் இருப்பது நன்றாகவே வந்தது. கம்பியில் உட்கார்ந்த குருவியோ மிளகு சிந்தினதுபோல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது மனைவி இதைத் தம்பியிடம் சொன்னாள். வாரம் தவறாமல் அவன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான்.

"நல்ல கேமராவா நான் வாங்கித் தரேன் மாமா," என்றான் மைத்துனன், தட்டைப் பார்த்தபடி. "இன்னிக்கே போலாம்."

கடை ஒரு குறுகலான கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுலயே பெருசா எடுங்க," என்றான் மைத்துனன். "தூரத்துல இருக்கற பறவையோட கண்ணு தெரியணும்."

அந்த அம்மாள் அளவுக்காரரிடம் திரும்பினார். "எடுக்கப்போறது நீங்களா? என்னத்த எடுப்பீங்க?"

"எறும்பு," என்றார் அவர். சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது. "குருவி வந்தா குருவி."

"தொழிலுக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. சும்மா. பொழுது போகணும்."

"சும்மா எடுக்கறவங்க முதல்ல கனத்தைத்தான் பாக்கணும்." அவர் பின்னால் இருந்த ஓர் அலமாரியைக் காட்டினார். பெரிய லென்ஸ்களும் தடித்த பைகளும் அதில் அடுக்கியிருந்தன. "இதெல்லாம் ஆசையா வாங்கிட்டுப் போய் ஆறே மாசத்துல திரும்பி வந்தது. தூக்கிட்டு நடக்க முடியலன்னா வீட்லயே வச்சிருவாங்க. வீட்ல இருக்கற கேமரா என்னத்த எடுக்கும்?"

மைத்துனன் காதில் எதுவும் ஏறவில்லை. கண்ணாடிக்குள் இருந்த கறுப்புக் கேமராவைக் காட்டினான். முழங்கை நீளத்துக்கு லென்ஸ். அந்த அம்மாள் எடுத்து வைத்ததும் அளவுக்காரர் சட்டைப் பையிலிருந்து வலது கையை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் கையைப் பார்த்தார்; உச்சுக்கொட்டவில்லை.

"பிடியும் பொத்தானும் வலது பக்கம்தான்," என்றார். "இடது கைக்காரங்களுக்குன்னு நான் பாத்து எதுவும் வந்ததில்ல. இது வேணாம்யா. ஒரு கையால தாங்காது."

"ஸ்டாண்டு வாங்கிக்கறோம். அக்கா கூட இருப்பாங்க, அமுக்கிக் குடுப்பாங்க," என்றான் மைத்துனன். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்த கடையில் அவன் நெற்றி வேர்த்திருந்தது.

இவ்வளவு பெரிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால்தான் இவன் மனசு ஆறும் என்று அளவுக்காரருக்குப் பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லையோ, தைரியம் வரவில்லையோ, தலையை ஆட்டிவிட்டார். அந்த அம்மாள் ரசீதை நீட்டும்போது, "பதினஞ்சு நாளைக்குள்ள மாத்திக்கலாம்," என்று அவரைப் பார்த்துச் சொன்னார்.

வீட்டில் அந்தக் கேமரா ஒரு விருந்தாளி மாதிரி நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி வாங்கிக் குடுத்தான்," என்றாள். மாடியில் ஸ்டாண்டை விரித்து, அவர் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே "இப்போ" என்பார், அவள் அமுக்குவாள். அதற்குள் குருவி பறந்திருக்கும். வெறும் கம்பி விழும். அவளுக்கு அடுப்பில் வேலை, துவைக்கிற வேலை. அவள் இல்லாத நேரத்தில் அவர் கேமராவை மாரில் அண்டக் கொடுத்து, இடது கையைச் சுற்றி வளைத்துப் பொத்தானை எட்ட முயன்றார். கழுத்து சுளுக்கிக்கொண்டது. வலது கையின் தழும்பில் வார் உரசி நீர் கோத்தது.

பன்னிரண்டாம் நாள் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனார். மனைவியிடம் மருந்துக் கடைக்கு என்று சொன்னார்.

அந்த அம்மாள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. மேசையில் நான்கு கேமராக்களைப் பரப்பினார். "ஒவ்வொண்ணையும் பத்து நிமிஷம் கையில வச்சிட்டு நடங்க. அப்புறம் பேசலாம்."

இரண்டு முதலிலேயே கழிந்தன. மூன்றாவதில் திரையைத் தொட்டாலே படம் விழுந்தது. ஆனால் தொட்ட இடம் எதுவோ அதுதான் தெளிவாக வரும். இடது கட்டைவிரலுக்கு எட்டியது திரையின் ஓரம் மட்டுமே. "ஓரத்துல இருக்கற எறும்பு மட்டும்தான் எனக்குக் குடுத்து வச்சது போல," என்றார் அளவுக்காரர். அந்த அம்மாள் சிரித்தார்.

நான்காவது சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. லென்ஸ் உள்ளிருந்து நீண்டு வந்தது. "தலைகீழாப் பிடிங்க," என்றார் அவர். கவிழ்த்ததும் பிடி இடது பக்கம் வந்துவிட்டது. பொத்தான் கீழே, கட்டைவிரலுக்கு அடியில். "பாக்கறப்ப நேராத்தான் தெரியும். எடுத்த படம்தான் தலைகீழா இருக்கும், திருப்பிக்கலாம். கனமில்லாததால கட்டைவிரல் தாங்கும். பறவையோட கண்ணு தெரியாது. பறவை தெரியும்."

அளவுக்காரர் ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாளியைப் படம் எடுத்தார். ஏழு மாதத்தில் முதல் முறையாகத் தூரத்தில் இருந்த ஒன்றை யார் துணையும் இல்லாமல் தெளிவாக எடுத்திருந்தார். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து கேமராவின் அடியைப் பார்த்தார்.

விலை வித்தியாசம் மைத்துனனின் வங்கிக் கணக்குக்கே திரும்பிப் போயிற்று. அந்தச் செய்தி அவன் போனில் விழுந்திருக்க வேண்டும். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்தான்.

"பெரிய கேமரா எங்க மாமா?"

அவர் சின்னதைக் காட்டினார். மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "இது என்னங்க? அவன் ஆசையா வாங்கிக் குடுத்ததை..."

"என்னால தூக்க முடியல. இது போதும்."

"இது பொம்மை மாதிரி இருக்கு," என்றான் மைத்துனன். குரல் உயர்ந்தது. "நான் எவ்வளவு யோசிச்சு வாங்கினேன். உங்களுக்கு எதையும் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. மனைவி, "டேய்," என்றாள், மெல்ல.

அளவுக்காரர் எழுந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. காது இரண்டும் அடைத்த மாதிரி இருந்தது. கம்பளிச் சட்டைக்கு அடியில் இருந்த காகிதத்தை எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்த கையெழுத்து அவளுக்குத் தெரியாததா? அந்தக் கையெழுத்தை எழுதப் பழக்கியவளே அவள்தான்.

"கம்பியை யாருடா கட்டினா?"

"அக்கா, நான் அப்படி எழுதலன்னா அந்தப் பிரிவையே மூடிருவோம்னு கம்பெனில சொன்னாங்க. முப்பது பேரு..."

"யாரு கட்டினா?"

"நான்தான்."

அவள் காகிதத்தை மடித்தாள். "வீட்டுக்குப் போ," என்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொள்ள நெடு நேரம் பிடித்தது.

அவன் போன பிறகு அவள் கணவரிடம் திரும்பினாள். அழுவாள் என்று அவர் நினைத்தார்.

"ஏழு மாசம். ஞாயித்துக்கிழமை தவறாம அவனுக்கு ஆக்கிப் போட்டேன். நீங்க எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருந்தீங்க."

"உன் தம்பியாச்சேன்னு..."

"என் தம்பின்னாதான் என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

அதன் பிறகு பதினோரு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது. மருந்து வேளைக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. அவர் காலையில் எழுந்து மாடிக்குப் போய், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, எறும்பையும் துருவையும் எடுத்துக்கொண்டிருந்தார். படங்கள் தேறி வந்தன. காட்டத்தான் ஆள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் ஒரு வெள்ளைத் துண்டை மேசையில் விரித்தாள். தொழிலாளர் அலுவலகத்துக்கு மறு விசாரணை கேட்டு மனு எழுதி முடித்திருந்தாள். "கையை இதுல வைங்க. படம் எடுத்து மனுவோட சேக்கணும்."

"அவன் வேலை போயிரும்," என்றார் அவர்.

"தெரியும். வைங்க."

அவர் வைத்தார். மற்றவர்களுக்காகப் பைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்த கையை அவரே அவ்வளவு நிதானமாகப் பார்த்ததில்லை. "மேசையை ஜன்னல் பக்கம் நகத்து," என்றார். "வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும். அப்பதான் மேடு பள்ளம் தெரியும்." நடுவிரலின் மிச்சம் மோதிர விரலின் மிச்சத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் நீளம் என்று கண் தானாகக் கணக்குப் போட்டது. அவள் வலது கையால் கேமராவை நேராகப் பிடித்து நான்கு படம் எடுத்தாள். நான்காவது எடுக்கும்போது அவள் மூச்சு உடைந்தது. படம் அசையவில்லை.

மறு விசாரணைக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று. இரும்பு நாற்காலிகள் போட்ட ஓர் அறை. அதிகாரி மனுவைப் புரட்டி, படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

"நான்தான்," என்றாள் மனைவி.

"தெளிவா இருக்கு," என்று அதைக் கோப்பில் வைத்தார். பிறகு மைத்துனனிடம், கம்பியைக் கட்டியது யார் என்று கேட்டார்.

அவன் நிர்வாகத்தின் வக்கீலைப் பார்த்தான். அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. முன்பு எழுதியது எழுதியதுதான் என்றான். வீட்டில் அவன் ஒப்புக்கொண்டதை அவள் எழுந்து நின்று சொன்னாள். வீட்டில் பேசியதற்குச் சாட்சி யார் என்று வக்கீல் கேட்டார். கணவன், மனைவி, தம்பி. வேறு யாரும் இல்லை. கை போனதை யாரும் மறுக்கவில்லை, அது எப்படிப் போனது என்பதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று அதிகாரி சொன்னார். பழைய முடிவே நின்றது. இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே மாடிப்படியில் மைத்துனன் சுவரோரமாக நின்றிருந்தான். "அக்கா," என்றான்.

அவள் நின்றாள். அவனுடைய சட்டைக் காலரைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைங்களுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி," என்றாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். அளவுக்காரர் அவளுக்குப் பின்னால், ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்தார். அவன் அவர்களோடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.