மூன்றாம் வீட்டு மீட்டர்

நோர்லேனில் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கட்டிய நான்கு வீடுகளில், மூன்றாவதில் லொரெய்ன் டகெட் குடியிருந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. தனி ஆள். ஒரு ஃபிரிட்ஜ், ஒரு டிவி, குளிர்காலத்தில் காலடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ஹீட்டர். இதற்குப் போய் மூன்று மாதத்துக்கு அறுநூறு டாலர் மின்கட்டணம் எப்படி வருகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. கம்பெனியைக் கேட்டால், மீட்டர் காட்டுவதுதான் கணக்கு என்றார்கள். அங்கே ஜூலைதான் நடுக்குளிர்; ஒரு ஜூலை மாதம் முழுக்க ஹீட்டரையே போடாமல் போர்வைக்குள் கிடந்து பார்த்தாள். பில் இருபது டாலர்தான் குறைந்தது. பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பதில் வந்து நின்றது.

நான்காம் வீட்டு ஸ்லாவ்கோவுக்கோ நூற்று முப்பதைத் தாண்டாது. கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற குரோவேஷியர். தபால்பெட்டிப் பக்கம் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

"உங்க ஆளுங்களுக்கு ஒரு ரூம விட்டு வெளிய வந்தா லைட்ட அணைக்கணும்னே தோணாது, லொரெய்ன். என் பில்லப் பாரு. சிக்கனம்னா என்னன்னு எங்கிட்ட கத்துக்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

வேறு கம்பெனிக்குப் போய்விடலாம் என்றால், பாக்கியை வைத்துக்கொண்டு விடமாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். கேன்டீனில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ட்ரூடிதான் அந்த எண்ணத்தை உடைத்தாள்.

"யாருடி உனக்கு அப்படிச் சொன்னா? எங்கண்ணன் எழுநூறு பாக்கியோட மாறினான். பழைய கடன் பழைய ஆளுங்களோட. அத தவணையில கட்டிக்கலாம். புது ஆளுங்களுக்கு அதுல என்ன?"

சனிக்கிழமை காலை லொரெய்ன் புதிய கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பையன் பாக்கியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, அதனால் ஒன்றும் தடையில்லை என்றான். பிறகு, "ஒரே விலாசத்துல நாலு வீடு இருக்கு மேடம். தப்பான வீட்ட மாத்திடக் கூடாதுல்ல? பில்லுல இருக்கற மீட்டர் நம்பரும் பெட்டியில இருக்கறதும் ஒண்ணுதானான்னு பாத்துச் சொல்றீங்களா?" என்றான்.

பில்லும் போனுமாகப் பக்கச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தாள். நான்கு மீட்டர்கள். வீட்டு எண்களை எழுதியிருந்த மை வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. பில்லில் இருந்த எண் வலது கோடி மீட்டரில் இருந்தது.

"நம்பர் சரியாத்தான் இருக்கு. ஆனா இது என் வீடுதான்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குக் கீழ உள்ள ஸ்விட்ச அணைங்க. உங்க வீட்ல கரண்ட் போகுதான்னு பாருங்க."

அவள் அணைத்தாள். காது கொடுத்துக் கேட்டாள். அவள் சமையலறையில் ரேடியோ கிரிக்கெட் வர்ணனையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஃபிரிட்ஜும் உறுமிக்கொண்டிருந்தது. நான்காம் வீட்டுக் கதவுதான் படாரென்று திறந்தது. செருப்பு கூட இல்லாமல் ஸ்லாவ்கோ ஓடிவந்தார்.

"யாரு கரண்ட நிறுத்தினது? என் மீனெல்லாம் செத்துடும்!"

"என்ன மீனு?" என்றாள் லொரெய்ன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கை இருந்த ஸ்விட்சைப் பார்த்தார். அவள் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்த ரேடியோவைக் கேட்டார். எந்திரங்களோடு முப்பது வருடம் இருந்த மனிதருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளிறிப் போயிற்று.

"மொதல்ல அதப் போடு," என்றார் மெதுவாக.

செவ்வாய்க்கிழமை வந்த மின்வாரிய ஆள், கட்டிடம் கட்டியபோதே இரண்டு வீட்டுக் கம்பிகளும் மாறிவிட்டன என்று எழுதிக்கொடுத்தான். லொரெய்ன் குடிவந்த மூன்று வருடமும் அவருடைய மின்சாரத்துக்கு அவளும், அவளுடையதற்கு அவரும் கட்டியிருந்தார்கள். பழைய கம்பெனி கணக்கைத் திருத்தியது. பாக்கி அழிந்து, அவளுக்கே பணம் திரும்ப வரவேண்டியிருந்தது. இனி இருந்துவிடுங்கள், தள்ளுபடி தருகிறோம் என்று குழைந்தார்கள். "மூணு வருஷமா கேட்டேனே, அப்ப ஒரு தடவை வந்து பாத்திருக்கலாம்ல?" என்று சொல்லிவிட்டுப் புதிய கம்பெனிக்கு மாறிவிட்டாள். ஸ்லாவ்கோவிடம் கடைசி நான்கு மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டு வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்த நான்கு மாதமே அவரை உலுக்கிவிட்டது.

ஒரு வாரம் அவர் தபால்பெட்டிப் பக்கமே வரவில்லை. அடுத்த ஞாயிறு மத்தியானம் அவள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு நிறைய ஆப்பிள் வைத்துச் சுருட்டிய பலகாரம்.

"நான் உங்கிட்ட சிக்கனம் அது இதுன்னு பேசினதெல்லாம்..."

"ஒண்ணு விடாம ஞாபகம் இருக்கு, ஸ்லாவ்கோ."

"இருக்கும், இருக்கும்." தலையைச் சொறிந்துகொண்டார். "மூணு வருஷம் என் மீனுக்கு நீதான் சோறு போட்டிருக்க. வந்து ஒரு தடவை பாத்துடேன்."

கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் எப்போதும் திரைபோட்டிருந்த அந்த அறைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. போனாள்.

உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. சுவரோடு ஏழு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சாப்பாட்டுத் தட்டு போல வட்டமான மீன்கள், சிவப்பும் நீலமுமாக. தண்ணீர் முப்பது டிகிரியில் இல்லாவிட்டால் தாங்காது என்றார் அவர். ஒரு தொட்டியில் பெரிய மீனின் விலாவை ஏதோ பொடிப்பொடியாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"இது என்ன, நோயா?"

"குஞ்சுங்க. பத்து நாள்தான் ஆகுது. அம்மா தோல்ல ஊறற பசையத்தான் சாப்பிடும். அவ களைச்சுப் போனா அப்பா வந்து நிப்பான் பாரு."

லொரெய்ன் குனிந்தாள். கண்ணாடியில் மூக்கு இடித்தது. தாய்மீன் சட்டென்று உடம்பை ஒரு உதறு உதறி விலகியது. குஞ்சுகள் ஒரு கணம் தண்ணீரில் திக்குத் தெரியாமல் நின்றன. பின்னாலிருந்து ஆண்மீன் மெல்ல நகர்ந்து வர, மொத்தக் கூட்டமும் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டது.

"அட!" என்றாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இது எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும்?"