ஒலிபெருக்கியில் வந்த திட்டு

என் மனைவிக்குக் குரல் போனபோது டாக்டர் சொன்னது ஒரே வரி: "வரலாம், வராமலும் போகலாம்." இதைச் சொல்ல எதற்கு அத்தனை வருடப் படிப்பு என்று கேட்க நினைத்தேன். தொண்டையில் ஏதோ கிருமி. காய்ச்சல் விட்டது. ஆனால் போகிற போக்கில் தொண்டைக்குள் ஒரு நரம்பைப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டது.

அவள் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். ஊரில் அவள் முகம் யாருக்கும் தெரியாது. கடையில் நின்று "அரை கிலோ வெங்காயம்" என்று கேட்டால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பஸ் கிளம்பிவிட்டதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

மேலாளர் நல்ல மனிதர்தான். "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கலாம்மா. அப்புறம் மெஷின்தான்" என்றார். பதிவுசெய்த குரலில் பேசும் மெஷின் அதற்குள்ளேயே வந்து, அறிவிப்பு அறையின் மூலையில் பெட்டி பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. அது பேச ஆரம்பித்தால் இவளுக்குத் தவறிய பொருட்கள் அறையில் வேலை. நாள் முழுக்க யாரோ மறந்துவிட்டுப்போன குடைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதுவரை யார் அறிவிப்பது? நான் பணிமனை மெக்கானிக். நைட் ஷிஃப்ட் ஒத்துவராமல் அதை விட்டுவிட்டு, பகல் ஷிஃப்டில் இடம் காலியாகும்வரை வேலையில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மேலாளர் என்னைப் பிடித்தார். "புருஷன்தானே? அவங்க கையைக் காட்டினா உனக்குப் புரியும்."

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

நான் அறிவித்தால் இழவுச் செய்தி மாதிரி இருக்கும். முதல் நாளே டிக்கெட் கவுண்டரில் இருப்பவர் போன் செய்தார். "அண்ணே, எந்த பஸ் செத்துப்போச்சு?"

எனக்குப் பேருந்துகளை எண்ணால் தெரியாது, நோயால்தான் தெரியும். ஒருமுறை வாய் தவறி, "இந்த வண்டி ரெண்டாவது கியர்ல முனகும், யாரும் பயப்பட வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். மேலாளர் படியேறி ஓடிவந்தார். என் மனைவி மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. சத்தமில்லாத அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் என் அம்மா மருமகளுக்காகச் சபதம் எடுத்திருந்தாள். குரல் வரும்வரை டீயில் சர்க்கரை கிடையாது.

"உன் சர்க்கரைக்கும் அவ தொண்டைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உனக்கும் மைக்குக்கும் என்னடா சம்பந்தம்? நீ போய் உட்காரல?"

அந்த மைக்கின் அடியில் ஒரு பொத்தான் உண்டு. பேசும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். பணிமனையில் கைக்கு இடைஞ்சலாக எது இருந்தாலும் டேப் சுற்றி ஒட்டிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் பொத்தானையும் கருப்பு டேப்பால் அமுக்கி ஒட்டினேன். ஒவ்வொரு முறையும் அவள் பிய்த்தெறிந்து என் கையில் ஒரு அடி போடுவாள். அவள் அசந்த நேரம் நான் மறுபடி ஒட்டுவேன்.

அன்று மதியம் நல்ல கூட்டம். கிளம்ப வேண்டிய வண்டி ஒன்பதாவது நடைமேடையில் நின்றது. நான் ஆறு என்று வாசித்தேன். பெட்டி, மூட்டை, குழந்தை குட்டியோடு ஒரு பெருங்கூட்டம் ஆறாவது நடைமேடைக்கு ஓடியது. அதே நேரம் அந்த இடத்தில் நிறுத்துவதற்காக ஒரு காலி வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டியவனுக்குப் பட்டப்பெயர் குறட்டை. அவன் கண்ணாடியில் இடப்பக்கம் மட்டும் பார்ப்பான். கூட்டம் வலப்பக்கத்திலிருந்து வந்தது.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். என் தோளில் அடித்தாள். உச்சரிப்பைத் திருத்துகிறாள் என்று நினைத்து, "ஆறாவது நடைமேடை" என்று இன்னும் அழுத்தமாக வாசித்தேன். முதுகில் குத்தினாள். நான் இன்னும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

"டேய் முட்டாள்! ஆறு இல்லடா, ஒன்பது! நில்லுங்க! எல்லாரும் அங்கேயே நில்லுங்க! பின்னால வண்டி வருது!"

கூரையில் இருந்த எல்லா ஒலிபெருக்கியிலும் அது போனது. பொத்தானில் டேப் இருந்தது. கூட்டம் அப்படியே நின்றது. குறட்டை பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி குலுங்கி நின்றது. பின்பக்கக் கம்பிக்கும் ஒரு பெரியவரின் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடம்கூட இல்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஊரறிய என்னிடம் நீங்க, வாங்க, போங்க. வீட்டுக்குள் மட்டும்தான் டேய். அந்த ரகசியம் அன்றைக்கு நிலையம் முழுக்கப் போய்விட்டது.

மேலாளர் மூச்சிரைக்க வந்து நின்றார். "யாரு? யாரு கத்தினது?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். வெறும் காற்று. அவள் கண்ணில் வந்த பயம் எனக்குள்ளும் இறங்கியது. ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விட்டதா?

கீழே கூட்டம் எங்கே போவது என்று தெரியாமல் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மைக்கை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். மேலாளர் ஏதோ சொல்ல வந்தார். "சும்மா இருங்க சார்" என்றேன்.

அவள் எச்சிலை விழுங்கினாள். டேப்பைப் பிய்த்தாள். பொத்தானை விரலால் அழுத்தினாள்.

"பயணிகள்..." துருப்பிடித்த கதவு திறந்த மாதிரி இருந்தது. இருமினாள். "பயணிகள் கவனத்திற்கு. உங்கள் வண்டி ஒன்பதாவது நடைமேடையில் நிற்கிறது. மெதுவாகப் போங்கள். எல்லோரும் ஏறும்வரை வண்டி கிளம்பாது."

கீழே கைதட்டினார்கள். பஸ் அறிவிப்புக்கு யாராவது கைதட்டிக் கேட்டிருக்கிறீர்களா? நான் அன்றுதான் கேட்டேன். சாப்பாட்டோடு வந்து கீழே காத்திருந்த அம்மா, முழங்கால் வலியை எங்கேயோ வைத்துவிட்டுப் படியேறி வந்தாள்.

"அத்தனை பேர் முன்னாடி உன் பிள்ளையை முட்டாள்ங்கறா, கேட்டியாம்மா?"

"சொல்லட்டும்டா! இன்னும் நாலு தடவை சொல்லட்டும்! காது குளிரக் கேட்டுக்கறேன்!" மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இது அதிசயம்தான். வேற பேச்சே கிடையாது."

குறட்டையும் வந்தான். முகம் வெளுத்திருந்தது. "மேல இருந்து ஒரு குரல் நில்லுன்னு சொல்லுச்சுண்ணே. சாமின்னு நினைச்சேன்."

"சாமி முட்டாள்னு திட்டுமாடா?"

"என் சாமி திட்டும்ணே."

மேலாளர் மூலையிலிருந்த பெட்டியைக் காட்டி ஆளைக் கூப்பிட்டார். "இதைத் திருப்பி அனுப்பிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ போய் வண்டிக்கு அடியில படு. உனக்கு அதுதான் சரி."

மாலையில் டாக்டரிடம் போனோம். சின்ன விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தார். "நரம்பு எப்பவோ சரியாகியிருக்கும். இவங்க பயந்துபோய் முயற்சியே பண்ணாம இருந்திருக்காங்க."

"அப்போ இது வெறும் அதிர்ஷ்டமா டாக்டர்?"

"வரலாம்னு நான்தான் அப்பவே சொன்னேனே."

அவரோடு பேசிப் பயனில்லை. நான் ஒழுங்காக வாசித்திருந்தால் அவள் கத்தியிருக்க மாட்டாள். குறட்டை இரண்டு பக்கமும் பார்த்து ஓட்டுகிறவனாக இருந்திருந்தாலும் கத்தியிருக்க மாட்டாள். இரண்டு தடிமாடுகள் ஒரே நேரத்தில் தப்புச் செய்ததால் ஒருத்திக்குக் குரல் வந்தது. இதற்கு அதிர்ஷ்டம் என்றுதான் பெயர். டாக்டரிடம் கிளம்பும்போதே அம்மா எதிரில் இதைச் சொல்லிப் பார்த்திருந்தேன். "அந்தத் தடிமாடுகளை ஒரே நேரத்துல அங்க கொண்டுபோய் விட்டது யாருடா?" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன். "அம்மா அதிசயம்ங்கறா, நான் அதிர்ஷ்டம்ங்கறேன். நீ என்ன சொல்ற?"

"பேசாம ஓட்டு. படிக்க விடு."

என்னத்தைப் படிக்கிறாள் என்று கவனித்தேன். கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தாள். "உயர்தர சலவையகம்." கொஞ்சம் தள்ளி, "இங்கு சைக்கிள்கள் பழுதுபார்க்கப்படும்." பிறகு, "பற்களைப் பிடுங்க மாடிக்கு வரவும்." ஒவ்வொன்றையும் அறிவிப்புக் குரலில், எழுத்துக்கு எழுத்து சுத்தமாக, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "சுவரில் சிறுநீர் கழிக்காதீர்" என்பதைக்கூடப் பயணிகள் கவனத்திற்கு என்று ஆரம்பித்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சத்தத்தோடு.

வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். நான் வண்டியின் வேகத்தைக் குறைத்து, வலதுபக்கம் கடைத்தெருவுக்குள் திருப்பினேன். அங்கே பலகைகள் அதிகம்.