தணல் இழுத்தாச்சா?

கரிச்சான் பாலிஷ் கம்பெனி என்று பெயர்தான் பெரிசு. ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் ஓட்டுக் கொட்டகை, ஓர் அடுப்பு, மெழுகு உருக்க ஓர் அண்டா, அவ்வளவே. உருகிய மெழுகில் ஊற்றிக் கலக்கும் டர்பன்டைனுக்கு நெருப்பைக் கண்டால் ஆகாது. அதனால் அடுப்பின் வாயைச் சுவருக்கு அந்தப்புறம், கொல்லையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஊற்றுகிறவன் உள்ளேயிருந்து "தணல் இழுத்தாச்சா?" என்று கேட்பான். கொல்லையில் காஸ்பரின் பெண்சாதி லூயிசா தணலை வாரி வெளியே தள்ளி அணைத்துவிட்டு, "இழுத்தாச்சு" என்பாள். அப்புறம்தான் டின்னைச் சாய்ப்பார்கள். காஸ்பரும் கூட்டாளி அய்யாதுரையும் முறை வைத்து ஊற்றினார்கள். இருவரும் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. லூயிசா சொன்னால் சொன்னதுதான்.

நாற்பத்து மூன்றில், யுத்த காலத்தில், பட்டாளத்து பூட்ஸுக்குப் பாலிஷ் கேட்டு ஆர்டர் வந்தது. வந்ததும் அய்யாதுரைக்குக் கூட்டாளி கசந்துபோனான். விலகிக்கொள் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தான்.

"நான் பெத்த கம்பெனி நைனா. உட்டுட்டு எங்க போவேன்?" என்றான் காஸ்பர்.

மறுநாள் காலை, மெழுகு உருகிக்கொண்டிருந்தபோது, சைதாப்பேட்டையிலிருந்து இரண்டு தடியன்கள் வந்தார்கள். கொல்லைக் கதவை உள்ளே தாழிட்டார்கள்.

லூயிசாவுக்கு எல்லாம் கேட்டது. உருட்டுக்கட்டை எலும்பில் விழும் சத்தம், புருஷனின் அலறல், பிறகு அலறத் தெம்பில்லாத முனகல். கதவைக் குத்திக் குத்தி அவள் கை வீங்கியது. கடைசியில் திறந்து, காஸ்பரை மூட்டையாக அவள் காலடியில் எறிந்தார்கள். ஒரு கண் இல்லை. பல் இருந்த இடமெல்லாம் ரத்தம். விரல்களை ஒவ்வொன்றாக ஒடித்திருந்தார்கள். இனி அவன் ஊற்றக் கூடாதாம். தடியன்கள் தெருவோடு போய்விட்டார்கள்.

உள்ளே நின்ற அய்யாதுரைப் பாவிக்கு அப்போதும் மெழுகு கெட்டுவிடக் கூடாது என்ற கவலை. டின்னைத் தூக்கினான். பழக்கதோஷம், வேறென்ன.

"ஏ தங்கச்சி, தணல இழுத்தாச்சா?"

தணல் செக்கச்செவேலென்று கனன்றது. காஸ்பர் தரையில் கிடந்தபடியே, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் தணலைத் தொடவில்லை.

"இழுத்தாச்சு" என்றாள், எப்போதும் போல.

கூரை ஓடு சிதறியது. சுவர் இவர்களைக் காத்தது. அய்யாதுரை எரிந்துகொண்டே தெருவுக்கு ஓடினான். சாக்கைப் போட்டு அணைத்தவர்களின் கையோடு அவன் தோல் வந்தது. பொழுது சாய்வதற்குள் செத்தான். விபத்து என்று முடித்தார்கள்.

கொட்டகையை மறுபடி கட்டினார்கள். கோணிப்போன விரல்களாலேயே காஸ்பர் ஊற்றினான். மயிலாப்பூர்க் கடைகள்வரை கரிச்சான் பாலிஷ் போயிற்று. அன்றைய சங்கதியை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவள் "இழுத்தாச்சு" என்று சொன்ன பிறகும், டின்னைக் கீழே வைத்துவிட்டு, சுவரைச் சுற்றி வந்து, அடுப்பு வாயில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றப் போவான்.