வலி தெரியாத பிள்ளை

ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே எப்சிபா மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா கிருபாபாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கி மடியில் வைத்தாள். அது மறுபடி வாய்க்குப் போயிற்று. மூன்றாவது முறை கிருபாபாய் விட்டுவிட்டாள். இரண்டு மூன்று நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை.

எப்சிபாவுக்குப் பதினான்கு வயது. அம்மாவைவிட ஒரு பிடி உயரம். பேச்சு வரவில்லை. சின்னதாக இருந்தபோது மதுரை டாக்டர் ஒருவர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அப்பா பால்துரை அதை மருந்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லிப் புருஷனும் பெண்டாட்டியும் சிரித்த காலம் ஒன்று உண்டு.

பெரியவளாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. மாதத்தில் அந்த நாலைந்து நாள் வீடு வீடாக இருக்காது. எப்சிபா தலையைச் சுவரில் மோதுவாள். கிட்டே போனால் அறைவாள். தூக்க மருந்தைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். இப்போதும் அதே நாட்கள்தான். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை ஒழிந்தது என்று பால்துரையின் அக்கா பரிபூரணம் எங்கேயோ கேட்டு வந்து சொன்னாள். மதுரையில் ஒரு நர்சிங் ஹோமில் சரி என்றார்கள். நாளைக் காலையில் ஆபரேஷன். இன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

வலியாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்கும் காரணம் இருந்தது. எட்டு வயதில் கதவிடுக்கில் மாட்டி எப்சிபாவின் விரல் நசுங்கி, நகம் கழன்று தொங்கியது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவள் பாட்டுக்குக் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எம் மவளுக்கு வலியே தெரியாது" என்று பால்துரை மில்லில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவனுக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினார்கள். அதே பஸ்ஸில் மதுரைக்கே போயிருக்கலாம். ஆனால் ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரம்மாவுக்குப் பால்கோவா வாங்க வேண்டுமே. இந்தப் பக்கத்து ஆட்கள் மதுரையில் ஒரு காரியம் என்றால் பால்கோவா இல்லாமல் போவதில்லை.

"இந்த வெயில்ல இது இப்ப தேவையா?" என்றாள் கிருபாபாய்.

"வெறுங்கையோட போயி நின்னா நல்லாவா இருக்கும்? நம்ம பிள்ளையக் கொஞ்சம் கவனமாப் பாப்பாகல்லா."

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சின்னக் கடை. கடைக்காரர் சுயம்புலிங்கம் பின்னால் அடுப்படியிலிருந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டாக்டருக்கா, வக்கீலுக்கா?"

"டாக்டருக்கு."

"அப்ப ஒரு கிலோ போதும். வக்கீலுன்னா ரெண்டு கேப்பாக." சூடாக அள்ளி எண்ணெய்த் தாளில் வைத்து, அதன்மேல் பேப்பர் சுற்றி நூல் கட்டினார். "இப்பத்தான் எறக்குனது. பைக்குள்ள போட்டு அமுக்கிராதிய, வேர்த்துரும்."

பால்துரை பொட்டலத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சில்லறையை எடுக்கத் திரும்பினான். எப்சிபா அதை இழுத்துக்கொண்டாள்.

இனிப்பைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிற பிள்ளை. அவள் அதைப் பிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பொட்டலத்தைத் தொப்புளுக்குக் கீழே வைத்து அழுத்தி, அதன்மேல் அப்படியே குனிந்துகொண்டாள். கடிப்பது நின்றது. தொண்டைக்குள் மெல்ல ஒரு முனகல் கேட்டது.

"ஏ பாப்பா, அது நசுங்கிரும்," என்றார் சுயம்புலிங்கம்.

பால்துரை பொட்டலத்தை உருவப் போனான். எப்சிபா அவன் கையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்து அழுத்தினாள். பெரியவளான பிறகு அவன் மகளைத் தொட்டதே இல்லை. கடைவாசலில், ஆள் பார்க்க, கூச்சத்தில் கையை இழுத்தான். அவள் விடவில்லை. நகம் பதிய இன்னும் அழுத்தினாள்.

"கிருபா," என்றான் அவன், குரல் இறங்கி. "கல்லு மாதிரி இருக்கு இவ வயிறு."

கிருபாபாய் பார்த்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்கு முன் அவள் மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனவள். மாதத்தில் அந்த நாட்களில் சூடான டீ கிளாஸைச் சேலைத் தலைப்பில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொண்டு, இதே மாதிரி மடங்கி உட்கார்ந்திருப்பாள். எத்தனை மாதம். தன் வலிக்குச் சூடு தேடியவளுக்கு, மகளுக்கும் அதே வயிறுதான் என்று தோன்றாமல் போய்விட்டது. அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தால் எழ முடியாது என்று மருந்துக் கடைக்கு நடந்தாள்.

மருந்துக் கடைக்காரர் வயதைக் கேட்டார், வேறென்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று கேட்டார். காய்ச்சல் மாத்திரையையே எடுத்துக் கொடுத்து, "இது வலிக்கும் கேக்கும். கேக்கலன்னா டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க," என்றார். எப்சிபா மாத்திரை விழுங்க மாட்டாள். கிருபாபாய் அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மகள் வழக்கமாகக் குடிக்கிற சிவப்பு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பாதி துப்பினாள், பாதி உள்ளே போயிற்று. அரை மணி நேரம் கழித்து அவள் தோள் கொஞ்சம் இறங்கிற்று.

மதுரை பஸ் வந்து நின்றது. பால்துரை பையைத் தூக்கினான்.

"போவட்டும்," என்றாள் கிருபாபாய்.

"என்னட்டி சொல்லுத? பெட்டு சொல்லி வச்சிருக்கு."

"பிள்ளைக்கு வயிறு வலிக்கு. ஒன்றரை வருசமா அதச் சொல்லத்தான் சொவத்துல முட்டியிருக்கா. நாம மருந்தக் குடுத்துத் தூங்க வச்சிருக்கோம். வயித்து வலிக்கு ஒரு மாத்திரை குடுத்துப் பாக்காம வயித்தக் கிழிக்கவா போறோம்?"

அவன் பையைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை. "வலி மட்டுமா கிருபா? நாளைக்கு நாம இல்லாதப்ப எவனாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு செஞ்சுட்டா? அக்கா அதத்தான சொல்லுதா."

"கர்ப்பப்பைய எடுத்துட்டா அவன் வராம இருப்பானா? வந்தது வெளிய தெரியாது. அம்புட்டுத்தான்."

கண்டக்டர் இரண்டு தரம் மதுரை, மதுரை என்று கூவிவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போயிற்று.

"எனக்கு முடியல," என்றான் பால்துரை, பெஞ்சில் உட்கார்ந்து.

"எனக்கு மட்டும் முடியுதா? முடியாமத்தான நானும் சரின்னேன்."

பால்துரை பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

"இந்த மாசம் பாப்போம்," என்றான் கடைசியில். "அடுத்த மாசமும் இதே கூத்துன்னா?"

"அடுத்த மாசத்த அடுத்த மாசம் பேசுவோம். நாளைக்கு நம்மூர் லேடி டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போயி, வயித்து வலின்னு சொல்லுவோம். இது வரைக்கும் யாருட்டயும் அப்படிச் சொன்னதே இல்லையே."

ராஜபாளையம் பஸ்ஸில் எப்சிபாவை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். பொட்டலம் ஆறிப்போயிருந்தது, ஆனாலும் அவள் கொடுக்கவில்லை. பால்துரை டீக்கடையில் கேட்டு ஒரு பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துண்டில் சுற்றி நீட்டினான். அவள் பொட்டலத்தை அவன் மடியில் போட்டுவிட்டுப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.

நாளைக்கு என்ன நடக்கும் என்று கிருபாபாய்க்குத் தெரியும். துணி மாற்றவிடாமல் மகள் முரண்டு பிடிப்பாள். வலி குறைந்தாலும் அது குறையாது.

"அக்காட்ட என்னத்தச் சொல்ல?" என்றான் பால்துரை.

"வலிக்குன்னு சொல்லுங்க. நாளைக்கு லீவு போடணும் நீங்க."

"போட்டாச்சு. ஆபரேசன்னு சொல்லி நாலு நாளைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அப்ப துணி அலசுறது உங்க பாடு," என்று சொல்லி அவன் தோளில் சாய்ந்தாள். பஸ் கிளம்புவதற்கு முன்பே தூங்கிப்போனாள்.