கொக்கியும் ஊன்றுகோலும்

நாகலிங்கத்துக்கு ஆவணியில் கல்யாணம். பெண் விஜி, பரமக்குடி. டிக்கெட் போட்டாகிவிட்டது; பாஸ்போர்ட் மட்டும் அவனுக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலின் மேஜை இழுப்பறையில் இருந்தது.

கஃபீல் வீட்டில் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளுக்கென்றே ஒரு கூடம் உண்டு. அவற்றின் மேகசின்களை, அதாவது தோட்டா அடைக்கும் இரும்புக் கூடுகளை, எண்ணெய் போட்டுத் துடைப்பது நாகலிங்கத்தின் டியூட்டி. ஒவ்வொன்றின் அடியிலும் செய்த கம்பெனியின் முத்திரை இருக்கும்: ஓர் எழுத்து, ஓர் எண், சிறகு விரித்த கழுகு. ஒன்றில் மட்டும் எதுவுமில்லை. ஃபர்வானியாவில் அவன் இருந்த, எட்டுப் பேர் தங்கும் ரூமில் பெயர் வெட்டாத தட்டு ஒரு வாரம் தங்காது. ஒன்று தொலைந்தாலும் உன் தலைதான் என்று கஃபீல் வேறு சொல்லியிருந்தார். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆணியால் அதில் ‘நா’ என்று கீறி வைத்தான். பிறகு மறந்தும் போனான்.

இரண்டு வருஷம் கழித்து, லீவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, முத்திரை பார்த்துச் சொல்கிற அஹ்சன் லாகூரிலிருந்து வந்தார். அந்த ‘நா’ மேல் வைத்த பூதக்கண்ணாடியை எடுக்கவேயில்லை. கொக்கியும் ஊன்றுகோலும் சேர்ந்த முத்திரை என்றார். போரில் காலிழந்த ஒருவன் மலையடிவாரத்தில் எட்டே மாதம் நடத்திய பட்டறையாம். உலகத்தில் வேறெங்கும் இந்த முத்திரை அகப்பட்டதில்லையாம். ஒரு துப்பாக்கிக்கு மேகசின் இரண்டு. இரண்டாவதில் கூட்டல் குறி போடுவார்கள். அந்த ஜோடியும் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார்.

ஜோடி கிடைக்கும்வரை லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்றார் கஃபீல்.

ரூமில் சொன்னபோது கூடத் தங்கும் வீரபாண்டி சோறு பிசைவதை நிறுத்தவில்லை. “உண்மையச் சொன்னா ஜெயிலு. சொல்லாட்டி கல்யாணம் இல்ல. ஆணி இன்னும் இருக்குல்ல மாப்ள?”

இருந்தது. ஓட்டை உடைசல் பெட்டியிலிருந்து ஒரு மொட்டை மேகசினை எடுத்து, ‘நா’ கீறி, பக்கத்தில் கூட்டல் குறி போட்டு, உப்பும் எலுமிச்சையும் தேய்த்து மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் வைத்தான். ஜோடி கிடைத்துவிட்டது என்று கொண்டுபோய்க் கொடுத்ததை அஹ்சன் அரைமணி நேரம் பார்த்தார். முதலாவது அவசரத்தில் அடித்தது, இதில் கை தேறியிருக்கிறது என்றார். கஃபீல் அவரைக் கட்டிக்கொண்டார்.

அன்றே பாஸ்போர்ட்டை எடுத்துவைத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, ஜோடி கிடைத்த கதையை யாருக்கோ போனில் சொல்ல ஆரம்பித்தார். நாகலிங்கத்துக்குத் தமிழில்தான் கையெழுத்து வரும். பேனாவை அழுத்திப் பிடித்து ‘நா’ வரைக்கும் போட்டான்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அஹ்சன் காகிதத்தைப் பார்த்தார். மேகசினைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைக் கொண்டுவந்து அந்த எழுத்தின் மேலேயே வைத்தார்.

“பாய், இங்கிலீஷ் மே லிகோ,” என்றார் மெல்ல. “ஜல்தி.”

நாகலிங்கத்துக்கு இங்கிலீஷில் பெயர் எழுத வராது. வேறு காகிதம் எடுத்துக்கொடுத்து, ஒவ்வோர் எழுத்தாக அஹ்சனே சொல்லிக்கொடுத்தார்.